பின்கதவைத் தட்டும் தண்ணீர்

மழை வந்தால் ஊரே கதவைச் சாத்தும். மாரியாயி மட்டும் பின்கதவைத் திறப்பாள். செந்தூலில் பழைய ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருக்கும் அந்த வரிசை வீடுகளில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சாயங்காலம் வானம் கறுத்து முதல் இடி இடித்ததுமே அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பின்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நாற்காலியின் கையில் உலர்ந்த துண்டு ஒன்று தொங்கும். அது அவளுக்கு இல்லை. மகன் குகனுக்கு. குகன் போய் நாலு வருடம் ஆகிவிட்டது.

முதல் வருடம் அக்கம்பக்கத்தார் பார்த்து அழுதார்கள். அடுத்த வருடம் புத்தி சொன்னார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு ஊர் ஓரளவுக்குத்தான் கூட வரும். அதற்குமேல் அவரவர் வீட்டில் உலை கொதிக்கிறது, என்ன செய்வது.

மாரியாயி ஒன்றும் ஆதியிலேயே இப்படி வாய் மூடி உட்கார்ந்திருந்தவள் இல்லை. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பட்டறையில் வெல்டராக இருந்த கன்னையாவுக்கு வாழ்க்கைப்பட்டுச் செந்தூலுக்கு வந்தவள். மகள் மலர் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே கன்னையா நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன்பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்து, பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசர் வரைக்கும் உயர்ந்தாள். நாக்கு அப்படி. அவளிடம் வாய் கொடுத்து மீண்ட டாக்டர் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது என்பார்கள். மலரைச் செமினியில் கட்டிக்கொடுத்தாள். குகன் அம்மாவோடேயே இருந்தான். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. இராத்திரி எந்நேரம் வந்தாலும் பின்சந்து வழியாகத்தான் வருவான். வண்டியை அங்கே நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டுவான்.

அந்தப் பின்சந்துதான் வினை. வீடுகள் கட்டிய காலத்தில் சந்து பள்ளமாகவும் வீடுகள் மேடாகவும் இருந்தன. தார் போட்டுத் தார் போட்டுச் சந்து ஏறிக்கொண்டே போனது, வீடுகள் கீழே போயின. மேட்டில் இருந்த மரங்களை வெட்டிக் கொண்டோமினியம் அடுக்குமாடிகளை எழுப்பியபிறகு கேட்கவே வேண்டாம். மேலே மண் என்று பேருக்குக்கூட இல்லை, எல்லாம் சிமெண்ட். பெய்கிற மழை முழுவதும் சறுக்கி இந்தச் சந்துக்குள் வந்து விழும். ஓரத்தில் ஓடிய லோங்காங், அந்தக் காலத்துச் சாக்கடை, அதைத் தாங்காது. சாக்கடைக்கு மேலே போட்டிருந்த இரும்பு மூடிகளையும் எவனோ பெயர்த்துக் கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிட்டான். அவன் நல்லாயிருப்பானா என்று மாரியாயி மண்ணை வாரித் தூற்றாத நாள் கிடையாது.

அன்று மழை பேய்மழை. தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. மாரியாயி அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். பின்கதவில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. ஏதோ பலகை மிதந்துவந்து கதவில் இடிக்கிறது என்று நினைத்தாள். தண்ணீர் வரும்போதெல்லாம் அப்படி எதாவது வந்து இடிக்கும். கதவைத் திறந்தால் தண்ணீர் இன்னும் பாயும். மூட்டையை ஏற்றினாள், டிவியை ஏற்றினாள், கன்னையாவின் படத்தை ஏற்றினாள். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

தண்ணீர் வடிந்தபிறகு கதவைத் திறந்து பார்த்தால் குகனுடைய மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அவனுடைய ஹெல்மெட் கதவுக் கம்பியில் மாட்டியிருந்தது. கதவு திறக்கவில்லையே, முன்பக்கமாகச் சுற்றி வருவோம் என்று அவன் திரும்பியிருக்க வேண்டும். மூடி இல்லாத இடத்தில் கால் வைத்திருக்க வேண்டும். மறுநாள், அந்தச் சாக்கடை போய் விழும் கோம்பாக் ஆற்றில் அவனை எடுத்தார்கள்.

"எத்தன தடவமா தட்டினான்?" என்று மலர் ஒரே ஒருமுறை கேட்டாள்.

"ரெண்டு மூணு தடவதான். ரெண்டு மூணு தட்டு தட்டிட்டுப் போயிட்டான்" என்றாள் மாரியாயி. அதைத்தான் தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த பெருமழையில் சந்தில் தண்ணீர் ஏறியபோது கதவில் மறுபடியும் டொக் டொக் என்றது. ஓடிப்போய்த் திறந்தாள். ஒரு தகர டின் மிதந்து இடித்துக்கொண்டிருந்தது. நீங்களும் நானும் என்றால் டின்னை எடுத்து எறிந்துவிட்டுக் கதவைச் சாத்துவோம். மாரியாயி, "வாப்பா" என்றாள். தண்ணீர் உள்ளே வந்தது. கணுக்காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. அவளுக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. நெஞ்சில் அடைத்திருந்தது ஏதோ கொஞ்சம் இளகிக் கொடுத்தது. அன்றிலிருந்து மழை என்றால் அவளுக்கு மகன் வருகிற நேரம். அவன் செத்தது அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். திதி கொடுக்கிறவளும் அவள்தான். ஆனால் தட்டுகிற சத்தம் கேட்கும்போது திறக்காமல் இருக்க அவளால் முடியாது. ஒருமுறை திறக்காமல் இருந்தது போதாதா?

"செமினிக்கு வந்துடுமா. அங்க மேடு, வெள்ளம் வராது" என்று மலர் போனில் கெஞ்சுவாள்.

"வெள்ளம் வராத ஊர்ல நான் என்னாடி செய்யப்போறேன்?" என்பாள் மாரியாயி. மலருக்கு இந்தப் பதில் விளங்கியதே இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில்தான் மாநகர் மன்றத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சந்தை முழுதாகப் பெயர்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற கல் பதிக்கப் போகிறார்களாம். வேலையைப் பார்த்துக்கொள்ள வந்த பொறியாளர் விஷ்ணுப்ரியா என்ற சின்னப் பெண். மஞ்சள் தொப்பி, சேறு அப்பிய பூட்ஸ், எல்லாரையும் ஆன்டி, அங்கிள் என்று கூப்பிட்டாள். வீட்டுக்காரர்களையெல்லாம் பின்பக்கம் கூட்டிவைத்துத் தமிழில் விளக்கினாள்.

"இப்ப இருக்கிற லோங்காங்க மூடிடுவோம் ஆன்டி. சந்து முழுக்க ஆழமா தோண்டி, கீழ பெரிய கல்லு, அதுக்கு மேல சின்னக் கல்லு, அதுக்கும் மேல இந்தப் பதிக்கிற கல்லு. நடுவுல இடுக்கு இருக்கு பாருங்க, மழத்தண்ணி இந்த வழியாதான் எறங்கும். கொஞ்சம் மண்ணுக்குள்ள போயிடும், மிச்சம் அடியில பைப்புல போயிடும். மேல தண்ணி நிக்கவே நிக்காது."

"இடுக்கு அடைஞ்சிட்டா?" என்று கேட்டது இராஜம்மா. அவள் மாரியாயிக்கு அடுத்த வீடு, வரிசையில் கடைசி, சந்திலேயே பள்ளமான இடம். கணவர் ரெங்கசாமிக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் அசையாது. கட்டிலிலிருந்து அடிக்கடி உருண்டு விழுந்ததால், குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பின்னறையில் தரையிலேயே மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தாள். வெள்ளம் வந்தால் அவளுக்குத்தான் உயிர் போகும்.

"அதுதான் நீங்க பாத்துக்கணும். எண்ண ஊத்தக்கூடாது, மாவுத் தண்ணி ஊத்தக்கூடாது, சிமெண்ட் கலக்கவே கூடாது. அடைஞ்சிட்டா தண்ணி போறதுக்கு வேற வழியே இல்ல. லோங்காங்தான் மூடியாச்சே."

இராஜம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாரியாயி மூடப்போகிற லோங்காங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்தது. சந்து சாம்பல் நிறக் கல்லும் சிவப்புக் கல்லுமாகப் பார்க்க லட்சணமாக இருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதல் பெருமழை வந்தபோது எல்லாரும் வேடிக்கை பார்க்கப் பின்வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேட்டிலிருந்து தண்ணீர் வழக்கம்போல் சீறிக்கொண்டு வந்தது. சந்துக்குள் நுழைந்ததும் காணாமல் போனது. சொட்டுக்கூட நிற்கவில்லை. யாரோ கைதட்டினார்கள். இராஜம்மா குடையைக் கீழே போட்டுவிட்டு மழையில் நின்று சிரித்தாள்.

மாரியாயி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது. மழை விட்டு வெகுநேரம் ஆகியும் உட்கார்ந்திருந்தாள். யாரும் தட்டவில்லை. எல்லாரும் உள்ளே போனபிறகு வெளியே வந்து, மண்டியிட்டு, காதைக் கல்லில் வைத்துப் பார்த்தாள். அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வெகு ஆழத்தில், யாரோ வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு போவதுபோல் கேட்டது. பிள்ளையைக் கல்லுக்கு அடியில் போட்டு மூடிவிட்டார்கள் என்று நினைத்தாள். ஊரே கைதட்டி மூடிவிட்டது என்று நினைத்தாள்.

அடுத்த மழையிலும் அதே கதை. அதற்கடுத்த மழையிலும் அப்படித்தான். துண்டு மடிப்புக் கலையாமல் நாற்காலியிலேயே கிடந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு வருடத்தில் இல்லாத அளவுக்கு அவன் இல்லாமல் போய்விட்டான்.

பிறகு ஒருநாள் காலையில் மாரியாயி பின்வாசலில் கோலம் போட்டாள்.

இராஜம்மாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மகன் போன வீட்டில் நாலு வருடமாகக் கோலமே கிடையாது. "அக்கா மனசு தேறிட்டாங்க" என்று வரிசை வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். மாரியாயி தினமும் போட்டாள். புள்ளிக் கோலம், சிக்குக் கோலம், அரைத்த மாவில் இழைக்கிற மாக்கோலம். தன் வாசலோடு நிற்கவில்லை. "ஒனக்கு அவரப் பாக்கவே நேரம் சரியாருக்கு, நானே போட்டுடறேன்" என்று இராஜம்மாவின் பின்வாசலுக்கும் சேர்த்துப் போட்டாள். தண்ணீர் வந்து கூடுகிற அந்தப் பள்ளம் முழுக்கப் போட்டாள். சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்ப்பாள். மாவு இடுக்குகளில் இறங்கும்.

விஷ்ணுப்ரியா ஒருமுறை வந்து பார்த்தாள். ஒரு சீனனோ மலாய்க்காரனோ மேற்பார்வைக்கு வந்திருந்தால், என்ன இது மாவு என்று அன்றைக்கே நிறுத்தியிருப்பான். இவள் தமிழ்ப் பிள்ளை. மகனைப் பறிகொடுத்த அம்மா என்று இராஜம்மா வேறு காதைக் கடித்திருந்தாள். கோலத்தை அழிக்கச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"ரொம்ப அழகா இருக்கு ஆன்டி. மாவு மட்டும் கொஞ்சம் கம்மியா போடுங்க லா" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் மாவு போதவில்லை. மழை வந்தால் கரைந்துவிடும், எறும்பும் தின்றுவிடும். மாரியாயி ஹார்ட்வேர் கடைக்குப் போனாள். குளியலறை ஓட்டை அடைக்க வேண்டும் என்று சொல்லி வெள்ளைச் சிமெண்ட் வாங்கி வந்தாள். அதைக் கோலப்பொடியில் பாதிக்குப் பாதி கலந்தாள். இப்போது கோலம் மழைக்கும் அழியவில்லை. பார்த்தவர்கள் கைராசி என்றார்கள். மாரியாயி குனிந்து குனிந்து இழை இழுத்தாள். இடுப்பு விட்டுப்போனது, விரல் நுனி வெந்தது. நிறுத்தவில்லை. இடுக்குகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. தான் செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் செய்தாள். பக்கத்து வீட்டில் ஒரு மனிதர் தரையில் படுத்திருக்கிறார் என்பது மட்டும் அவள் நினைப்பில் வரவே இல்லை. நினைப்பு வருகிற இடத்தையெல்லாம் குகன் அடைத்துக்கொண்டிருந்தான்.

ஐப்பசி வந்தது. மழைக்காலமும் தீபாவளியும் கைகோத்துக்கொண்டு வருகிற மாதம். தீபாவளிக்கு முதல்நாள் செத்துப்போனவர்களுக்குப் படையல் போடுவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மலர் மறுநாள் காலையில்தான் வருவதாக இருந்தாள். மாரியாயி தனியாகவே எல்லாம் செய்தாள். பின்னறையில் இரண்டு தலைவாழை இலை போட்டாள். கன்னையாவுக்கு ஆட்டுக்கறிப் பிரட்டலும் ஒரு புட்டி கறுப்பு பீரும் வைத்தாள். குகனுக்கு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, கோழிப் பொரியல், ஐஸ் போட்ட மைலோ. படத்துக்குப் பூ வைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் இராஜம்மா எட்டிப் பார்த்தாள். கையில் பை, முகத்தில் அவசரம்.

"அக்கா, பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். பூவும் வெத்தலயும் வாங்கணும், டெய்லர்கிட்ட பிளவுஸ் வேற கெடக்கு. அவரு தூங்கறாரு. பின்கதவு சும்மாத்தான் சாத்திருக்கேன். கொஞ்சம் பாத்துக்குறீங்களா?"

"போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றாள் மாரியாயி.

படையலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டபிறகு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். செத்தவர்கள் வந்து சாப்பிடுகிற நேரத்தில் உயிரோடு இருப்பவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் பாதி இலையில் எழுந்து போய்விடுவார்கள். பிறகு எந்த வருடமும் வரமாட்டார்கள். மாரியாயி பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு முன்கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போதே வெளிச்சம் மங்கிவிட்டது.

மழை ஒரே கொட்டாகக் கொட்டியது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் டிவி போட்டிருந்தாலும் கேட்டிருக்காது. மாரியாயி கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் நாக்கை நீட்டியது. கூடத்துத் தரையில் மெதுவாக ஊர்ந்துவந்து அவள் பாதத்தைத் தொட்டது. அதோடு ஒரு செவ்வந்திப் பூவும் வந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. வந்துவிட்டான், வந்துவிட்டான் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். பின்பக்கத்திலிருந்து, ஓங்கி. எத்தனை மாதம் ஆயிற்று அதைக் கேட்டு! மாரியாயி வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து ஓடிப்போய்த் திறக்கக் கால் துடித்தது. ஆனால் இன்றைக்குத் திறக்கக் கூடாது. இன்றைக்கு மட்டும் திறக்காமல் இருப்பதுதான் அவனுக்குச் செய்கிற மரியாதை.

"சாப்புடுப்பா. அம்மா பாக்கல. நிம்மதியா சாப்புடு" என்றாள்.

சத்தம் விடவில்லை. தொடர்ந்து கேட்டது. தண்ணீர் அவள் கணுக்காலுக்கு ஏறியது. அவள் கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு வருடத்தில் அவன் இவ்வளவு நேரம் தட்டியதில்லை. ஒரு டின்னோ பலகையோ இடிக்கும்போது அதற்கு ஒரு தாளம் கிடையாது. இதில் இருந்தது. மூன்று தட்டு, ஒரு மூச்சு. மறுபடி மூன்று தட்டு.

பிறகு தட்டு மெல்லக் குறைந்தது. மூன்று இரண்டானது. ஓங்கித் தட்டியது லேசானது. இரண்டு தட்டுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. மறுபடி ஒரு தட்டு. நோஞ்சான் தட்டு.

மாரியாயியின் சிரிப்பு அப்படியே நின்றது. செத்தவனுக்குக் கை வலிக்குமா?

தண்ணீருக்குக் கை வலிக்காது. பலகைக்கு வலிக்காது. கை ஓய்கிறது என்றால் தட்டுவது உயிருள்ளவன். எழுந்து பின்னறைக் கதவைத் தள்ளினாள். கட்டுப்பாடு, இலை, படையல் எதுவும் அப்போது தோன்றவில்லை. இலைகள் மிதந்துகொண்டிருந்தன. நாசி லெமாக் தண்ணீரில் பிரிந்து போயிருந்தது. தட்டு வந்தது அவள் கதவிலிருந்து இல்லை. இராஜம்மா வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரிலிருந்து.

"ஐயோ, ரெங்கசாமி!"

சந்தில் இறங்கினால் முழங்காலுக்குமேல் தண்ணீர். மேட்டுப் பக்கம் கல் தெரிந்தது, ஈரம்தான். அவள் கோலம் போட்ட பள்ளத்தில் மட்டும் குளமாக நின்றது. கலங்கலுக்கு அடியில் கோலம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அதை மிதித்துக்கொண்டு போனாள். இராஜம்மாவின் பின்கதவு உள்பக்கத் தண்ணீரின் பாரத்தில் நகர மறுத்தது. தோளைக் கொடுத்து இடித்தாள். அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு இடித்தாள்.

மெத்தை மிதந்து சுவரோரம் ஒதுங்கியிருந்தது. ரெங்கசாமி அதிலிருந்து பாதி சரிந்து, தண்ணீருக்கு மேலே முகத்தை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இடது கை இன்னும் சுவரில் இருந்தது. மாரியாயி தண்ணீரிலேயே உட்கார்ந்து அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவரால் பேச முடியாது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்கிற பார்வை அது. வேறு விதமாக அதை எடுத்துக்கொள்ள வழியில்லை.

அவர் கையைப் பிடித்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்து சதை தெரிந்தது. சுவரில் குத்திக் குத்தி உரிந்தது.

குகனை ஆற்றிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து கிடத்தியபோது அவன் வலது கையிலும் இப்படித்தான் இருந்தது. முட்டிகளில் தோல் இல்லை. ஆற்றுக் கல்லில் உரசியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஆமாம், ஆற்றுக் கல்தான் என்று அவளும் வைத்துக்கொண்டாள். மாரியாயி ரெங்கசாமியின் கையை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை விட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இராஜம்மா வந்து அலறியதும், பக்கத்து ஆட்கள் ஓடிவந்து ரெங்கசாமியைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் மளமளவென்று நடந்தன. நெஞ்சில் கொஞ்சம் தண்ணீர் போயிருக்கிறது, பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சந்தில் தண்ணீர் வடியவே இல்லை. புதுக் கல்லு, எப்படி அடைத்துக்கொண்டது என்று எல்லாரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். மாநகர் மன்றத்தைத் திட்டினார்கள். அந்தப் பெண் விஷ்ணுப்ரியாவையும் திட்டினார்கள்.

"அவங்கள ஏன் பேசறீங்க? நான்தான் அடைச்சேன். கோலப்பொடில சிமெண்ட் கலந்து நான்தான் அடைச்சேன்" என்றாள் மாரியாயி.

மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த இராஜம்மா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூவும் வெற்றிலையும் வாங்கிவந்த பை வாசலிலேயே கிடந்தது.

தீபாவளி விடிந்தது. எல்லா வீட்டிலும் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். மாரியாயி பள்ளத்தில் நின்ற தண்ணீரை வாளியால் இறைத்துக் கொட்டிவிட்டு, உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பின்வாசலில் குந்திவிட்டாள். செமினியிலிருந்து பலகாரத்தோடு வந்த மலர், விஷயம் கேட்டு அங்கேயே நின்று அழுதாள். "நான் செய்றேன் மா, குடு" என்று கையை நீட்டினாள். மாரியாயி கொடுக்கவில்லை. ஒவ்வோர் இடுக்காகக் கொத்தினாள். மாதக்கணக்கில் இறுகின சிமெண்ட் லேசில் வருமா? சில்லுச் சில்லாகத்தான் வந்தது. புதுச்சேலை கட்டிய பெண்கள் பின்கதவுகளைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மழை பிடித்தது. மலர் குடையைப் பிடித்தாள். அம்மா நகரவில்லை. பெயர்த்த இடத்தில் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டு கீழே இறங்கியது. மாரியாயி உளியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடுகிற சத்தம்தான். அதில் யாரும் இல்லை. எத்தனை நேரம் கேட்டாலும் தண்ணீர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இராஜம்மா பின்கதவைத் திறந்தாள். நேற்றிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

"மழ பெய்யுது, தெரியலயா? எந்திரிச்சி உள்ள போங்கக்கா."

மாரியாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு மூணு தட்டு இல்ல, இராஜம்மா. ஒன் வீட்டுக்காரரு மாதிரியேதான். கை ஓயற வரைக்கும் தட்டியிருக்கான். எம்புள்ள அவ்ளோ நேரம் தட்டியிருக்கான். நான் அரிசி மூட்டய தூக்கிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.